512 ஜிபி அல்வா

போன மாசம் எங்க தாத்தாவோட முதல் வருஷத் திதி. சேலையூர் வீட்டுல எல்லாரும் சாப்பிட்டு முடிச்சு, வெத்தலை பாக்கோட ஹால்ல உக்காந்திருந்தப்போ அத்தை ஆரம்பிச்சாங்க. "டேய், அந்த கிரகப்பிரவேச வீடியோவ டிவில போடேன். அப்பா பேசுறத ஒரு தடவ கேக்கணும் போல இருக்கு."

அது 1999ல எடுத்த வீடியோ. விஎச்எஸ் கேசட். தாத்தா தாம்பரம் எலக்ட்ரிக் டிரெயின் ஷெட்ல எலக்ட்ரீசியனா இருந்து ரிட்டயர் ஆனவர். சட்டைப் பையில பேனா இருக்குதோ இல்லையோ, ஒரு டெஸ்டர் இருக்கும். அந்த வீடியோவுல அய்யர் மந்திரம் சொல்லிக்கிட்டு இருக்கும்போது இவர் பாட்டுக்கு எழுந்து போய் ஒவ்வொரு சுவிட்ச் போர்டா டெஸ்டர் வெச்சு பாத்துக்கிட்டு இருப்பார். பாட்டி பல்லைக் கடிச்சுக்கிட்டு கூப்பிடுவாங்க. "இரு, எர்த் சரியில்லாம குடி வந்து என்ன பிரயோஜனம்"னு கேமராவப் பாத்து சொல்லுவார். வீட்டுல எல்லாருக்கும் மனப்பாடமான வசனம். தாத்தாவோட குரல் எங்ககிட்ட இருந்தது அது ஒண்ணுதான்.

2024ல குரோம்பேட்டையில ஒரு ஸ்டுடியோவுல குடுத்து அந்த கேசட்டை ஃபைலா மாத்தி வாங்கினேன். என் லேப்டாப்ல இருந்துச்சு. வேலை மாறும்போது அது ஆபீஸ் லேப்டாப், திருப்பிக் குடுக்கணும். அதனால 512 ஜிபி மெமரி கார்டு ஒண்ணு ஆன்லைன்ல வாங்கி எல்லாத்தையும் அதுல ஏத்திட்டு, லேப்டாப்ப சுத்தமா துடைச்சுக் குடுத்துட்டு வந்தேன். ஸ்டுடியோக்காரர் குடுத்த பென்டிரைவ்ல தங்கச்சி ஏதோ ப்ராஜெக்ட் போட்டு அதுவும் போச்சு. அதான் கார்டுல பத்திரமா இருக்கே, அப்புறம் என்ன?

டிவில கார்டை சொருகினேன். ஃபைல் இருக்கு. பேர் இருக்கு. சைஸ் 4 ஜிபி சொச்சம், அதுவும் சரியா இருக்கு. அமுக்கினா, "இந்த ஃபைலை இயக்க முடியவில்லை". லேப்டாப்ல போட்டுப் பாத்தேன், அங்கயும் அதே. அத்தை "பரவால்லடா, அப்புறம் பாத்துக்கலாம்"னு சொல்லிட்டு சமையல்கட்டு பக்கம் போயிட்டாங்க. திட்டியிருந்தா கூட பரவாயில்லை.

இதுல இன்னொரு கொடுமை. நான் ஈசிஇ படிச்சவன். ஆறு வருஷமா பொட்டி தட்டுறவன். சொந்தத்துல யார் போன் வாங்கினாலும் என்கிட்ட கேட்டுட்டுதான் வாங்குவாங்க.

அன்னிக்கு ராத்திரி உக்காந்து கார்டை டெஸ்ட் பண்ணினேன். உண்மையான அளவு 32 ஜிபி கூட முழுசா இல்லை. பிரபல கம்பெனி பேர் போட்ட 512 ஜிபி கார்டுக்குள்ள இருந்தது ஒரு பழைய 32.

இது எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் சொல்றேன், ஏன்னா தெரிஞ்சா நான் விழுந்த குழியில நீங்க விழ மாட்டீங்க. மெமரி கார்டுக்குள்ள சேமிப்பு சிப் ஒண்ணு, அதை மேய்க்கிற கன்ட்ரோலர் ஒண்ணு. "உனக்கு எவ்வளவு கொள்ளளவு?"னு கம்ப்யூட்டர் கேட்டா பதில் சொல்றது கன்ட்ரோலர்தான். அதோட ஃபர்ம்வேரை மாத்தி "512"னு பொய் சொல்ல வெச்சுட்டா கம்ப்யூட்டர் அப்படியே நம்பிடும். முதல் 30 ஜிபி வரைக்கும் உண்மையாவே எழுதும். அதுக்கு மேல வர்றதை வாங்கி வாங்கி காத்துல விடும். சில கார்டுகள்ல மறுபடி ஆரம்பத்துல இருந்து பழசு மேலயே எழுதும். ஃபைல் பேரும் சைஸும் இருக்கிற அட்டவணை கார்டோட முன்பக்கத்துல எழுதப்படுறதால அது மட்டும் அழகா தெரியும். பேர்ப்பலகை இருக்கு, கடை இல்லை.

"காப்பி பண்ணின உடனே திறந்து பாத்திருக்கலாமே"ன்னு கேட்பீங்க. பாத்தேனே! ஓடுச்சு. இப்பதான் உறைக்குது, அது கார்டுல இருந்து ஓடலை. இப்பதான் எழுதின ஃபைலை கம்ப்யூட்டர் தன்னோட ராம்ல கொஞ்ச நேரம் வெச்சிருக்கும், அங்கேர்ந்து எடுத்துக் காட்டியிருக்கு. கார்டைக் கழட்டி மறுபடி சொருகிப் பாத்திருந்தா அன்னிக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். அந்த அஞ்சு செகண்டு சோம்பேறித்தனத்துக்கு குடுத்த விலைதான் தாத்தாவோட குரல். முதல்ல காப்பி பண்ணினது வாட்ஸப் போல்டர்ங்கிறதால, பெரியப்பா தினமும் அனுப்பின குட்மார்னிங் ரோஜாப்பூ அத்தனையும் பத்திரமா இருக்கு. என்னத்த சொல்ல!

புதுசா கார்டோ பென்டிரைவோ வாங்கினா முதல் வேலை அதை முழுசா நிரப்பி, திரும்பப் படிச்சுப் பாக்குறது. விண்டோஸ்ல எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ்ல எஃப்3ன்னு இலவச மென்பொருள் இருக்கு. எஃப்3ன்னா ஃபைட் ஃப்ளாஷ் ஃப்ராட், பேரே வேலையச் சொல்லிடுது. 512 ஜிபியை நொடிக்கு 20 எம்பி வேகத்துல எழுதினா ஏழு மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுட்டுத் தூங்குங்க. திருப்பி அனுப்புற நாள் கெடு முடியிறதுக்குள்ள பண்ணணும். எனக்கு அந்தக் கெடு எப்பவோ முடிஞ்சு போச்சு, வித்த ஆளோட கணக்கும் அந்த சைட்ல இப்ப இல்லை. "2 டிபி பென்டிரைவ் 399 ரூபாய்"ங்கிற விளம்பரத்துக்கெல்லாம் டெஸ்டே வேண்டாம். அந்தக் காசுக்கு முறுக்கு வாங்கிச் சாப்பிடலாம்.

சரி, போட்டோ போனா மனசுதான் கஷ்டப்படும். உயிரே போற சமாச்சாரம் ஒண்ணு இருக்கு. சார்ஜர்.

வீட்டு பிளக்ல வர்றது 230 வோல்ட். சார்ஜருக்குள்ள போனதும் அது டிசியா மாறும்போது 325 வோல்ட் கிட்ட போகும். போனுக்கு வேண்டியது 5 வோல்ட். இந்த ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர், சர்க்யூட் போர்டுல சில மில்லிமீட்டர் இடைவெளி. அவ்வளவுதான் உங்க கைக்கும் ஈபி கம்பிக்கும் நடுவுல இருக்கிற வேலி. நல்ல சார்ஜர்ல அந்த இடைவெளியை ஒழுங்கா விட்டு, டிரான்ஸ்ஃபார்மர் கம்பிக்கு மூணு அடுக்கு இன்சுலேஷன் போட்டிருப்பாங்க. போலியில இடைவெளி ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. கொஞ்சம் ஈரம், கொஞ்சம் தூசி, ஒரு வோல்டேஜ் ஏத்தம். வேலி காலி.

பயமுறுத்துறேன்னு நினைக்காதீங்க. 2016ல யூஎல்ங்கிற அமெரிக்க பாதுகாப்பு சோதனை நிறுவனம் போலி ஆப்பிள் சார்ஜர் 400 எடுத்து சோதிச்சாங்க. தேறினது 3. பன்னிரண்டு சார்ஜர் ஆளையே கொல்லக்கூடிய அளவுக்கு மோசம்னு எழுதினாங்க. 2014ல ஆஸ்திரேலியாவுல, சிட்னிக்கு வடக்கே, 28 வயசுப் பெண் ஒருத்தர் போன்ல பேசிக்கிட்டு லேப்டாப் பாத்துக்கிட்டு இருக்கும்போது ஷாக் அடிச்சு செத்துப் போனாங்க. தரமில்லாத யூஎஸ்பி சார்ஜர்தான் காரணம்னு சந்தேகப்பட்ட அந்த மாநில அரசு, கடைகள்ல இருந்து அந்த மாதிரி சார்ஜரையெல்லாம் அள்ளிட்டுப் போச்சு.

எங்க அம்மா சார்ஜ்ல போட்டுக்கிட்டேதான் அத்தைகூட பேசுவாங்க. ஒரு மணி நேரம். இரும்புக் கட்டில்ல உக்காந்துக்கிட்டு.

தாத்தாவோட டெஸ்டரை வெச்சு இதைக் கண்டுபிடிக்க முடியுமான்னு நானும் பாத்தேன். சார்ஜ்ல இருக்கிற போனோட உலோக ஓரத்துல வெச்சா லேசா எரியுது. ஆனா அது ஆதாரம் இல்லை. நல்ல சார்ஜர்லயும், எர்த் இல்லாத ரெண்டு பின் வகைன்னா, உள்ள இருக்கிற ஒரு கெப்பாசிட்டர் வழியா ரொம்பக் கொஞ்சமா கரண்ட் கசியும். விரல்ல சுர்ருனு ஒரு உணர்வு வருமே, அதுதான். அது இயல்பு. சுள்ளுனு அடிச்சா இயல்பு இல்லை, உடனே சுவிட்சை அணைச்சுக் குப்பையில போடுங்க. அதுபோல பின் பிளக்ல ஆடுது, தீப்பொறி வருது, பத்து நிமிஷத்துல தொட முடியாத சூடு, பிளாஸ்டிக் வாசனை... இதுல எது இருந்தாலும் வழி அனுப்பிடுங்க. எடையும் ஒரு நல்ல அறிகுறி. உள்ள பாகமே இல்லாத சார்ஜர் தீப்பெட்டி மாதிரி லேசா இருக்கும். (பவர் பேங்க்ல இதை நம்பாதீங்க, எடைக்காக உள்ள மண்ணு போட்டு வெக்கிற புண்ணியவான்கள் இருக்காங்க.)

பவர் பேங்க்னு சொன்னதும் ஒண்ணு. உருளையா இருக்குமே 18650 செல், அதுல நல்ல கம்பெனியோடதே 3,500 எம்ஏஎச் பக்கம்தான் வரும். 9,900னு அச்சடிச்சு விக்கிறதைப் பாத்தா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க. 10,000 பவர் பேங்க் உங்க போனுக்கு 6,000 சொச்சம்தான் குடுக்குதுன்னா அது ஏமாத்து இல்லை. உள்ள 3.7 வோல்ட், வெளிய 5 வோல்ட், நடுவுல கொஞ்சம் சூடா வீணாகும். நல்ல கம்பெனிக்காரன் அந்த சின்ன நம்பரையும் டப்பாவுல சின்ன எழுத்துல போட்டிருப்பான்.

போன்ல போலின்னா எனக்கு உடனே ஞாபகம் வர்றது அப்பாவோட சைனா செட்டு. அப்போ நான் ஆறாவதோ ஏழாவதோ. ரெண்டு சிம், நாலு ஸ்பீக்கர், ரிங்டோன் அடிச்சா கேம்ப் ரோடு வரைக்கும் கேக்கும். 2008 நவம்பர்ல மும்பை தாக்குதல் நடந்த பிறகு, ஐஎம்இஐ நம்பர் இல்லாத போனையெல்லாம் கண்டுபிடிக்க முடியாதுன்னு அரசாங்கம் முழிச்சுக்கிச்சு. 2009 ஜூன்ல இறக்குமதிக்குத் தடை. 2009 நவம்பர் 30 நள்ளிரவோட அந்த மாதிரி செட்டுகளுக்கு இணைப்பையே நிறுத்தச் சொல்லிட்டாங்க. 199 ரூபாய் கட்டினா நம்பர் போட்டுத் தர்ற திட்டம்கூட வந்தது. அப்பா "இந்தப் போனுக்கு அதுவே ஜாஸ்தி"ன்னுட்டார். அப்புறம் ரொம்ப நாள் அது எனக்கு பாட்டுப் பெட்டி.

அந்த நம்பர் வேட்டை இப்பவும் உங்களுக்கு உதவும். எந்த போன் வாங்கினாலும், முக்கியமா பழைய போன்னா, காசு குடுக்கிறதுக்கு முன்னாடி *#06# அடிங்க. திரையில வர்ற எண், டப்பாவுல இருக்கிற எண், பில்லுல இருக்கிற எண் மூணும் ஒத்துப் போகணும். அப்புறம் கேஒய்எம்னு ஆங்கிலத்துல டைப் பண்ணி, இடைவெளி விட்டு, ஐஎம்இஐ எண்ணைப் போட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினா கம்பெனி, மாடல் எல்லாம் பதிலா வரும். சஞ்சார் சாத்தி தளத்துலயும் பாக்கலாம். (2025 கடைசியில இந்த சஞ்சார் சாத்தி ஆப்பை எல்லாப் புது போன்லயும் கட்டாயமா போட்டு விக்கணும்னு உத்தரவு போட்டு, ஊரே சத்தம் போட்டதும் சில நாள்லயே வாபஸ் வாங்கினாங்க. ஆப் வேண்டாம்னா எஸ்எம்எஸ் போதும்.) பதில்ல திருட்டு, முடக்கப்பட்டது, ஏற்கனவே உபயோகத்தில்னு ஏதாவது வந்தா அப்படியே வெச்சுட்டு வந்துடுங்க. ஆனா நம்பரையும் முழுசா நம்ப முடியாது. 2020ல மீரட் போலீஸ் ஒரே ஐஎம்இஐ எண்ணோட 13,500 போனுக்கு மேல நாடு முழுக்க ஓடுறதைக் கண்டுபிடிச்சாங்க. எண் சரியா இருந்தா சந்தேகம் குறையும், அவ்வளவுதான்.

சார்ஜர், பேட்டரி, பவர் பேங்க் எல்லாத்துக்கும் பிஐஎஸ் பதிவு கட்டாயம். 2012ல போட்ட ஆணை, அப்புறம் பட்டியல் நீண்டுக்கிட்டே போகுது. பொருள் மேல பிஐஎஸ் முத்திரை, ஐஎஸ் எண், "ஆர்"ல ஆரம்பிக்கிற எட்டு இலக்கப் பதிவு எண் இருக்கணும். முத்திரைய யார் வேணா அச்சடிக்கலாம், அதனால முத்திரையப் பாத்துட்டு திருப்தி ஆகாதீங்க. பிஐஎஸ் கேர்னு ஒரு ஆப் இருக்கு, அதுல அந்த ஆர் எண்ணைப் போட்டா எந்தத் தொழிற்சாலை, எந்த பிராண்டு, என்ன பொருள்னு வரும். கையில இருக்கிறது சார்ஜர், ஆப் சொல்றது எல்ஈடி டிவின்னா, என்ன நடந்திருக்குன்னு புரிஞ்சிடும். கூடவே இறக்குமதி பண்ணினவர் பேர், முகவரி, மாசம் வருஷம், எம்ஆர்பி எல்லாம் டப்பாவுல இருக்கணும்னு சட்டம். போலிக்காரன் பெரும்பாலும் இங்கதான் கோட்டை விடுவான், ஏன்னா முகவரி போட்டா வீட்டுக்கு ஆள் வந்துடும்.

இதெல்லாம் சொன்னாலும் என் ஆதங்கம் வேற. போலின்னு பேச்சு வந்தாலே எல்லாரும் ரிச்சி ஸ்ட்ரீட்டையும் பர்மா பஜாரையும்தான் கை காட்டுவாங்க. நம்ம தாம்பரம் டிரெயினோட அந்தக் கடைசியில, பீச் ஸ்டேஷன்ல இறங்கினா பர்மா பஜார். அறுபதுகள்ல பர்மாவுல எல்லாத்தையும் விட்டுட்டு வந்த தமிழர்கள் பொழைப்புக்காக ஆரம்பிச்ச கடைகள். நான் காலேஜ் ப்ராஜெக்டுக்காக ரிச்சி ஸ்ட்ரீட் அலைஞ்ச காலத்துல கடைக்காரர் முதல்ல கேக்கிற கேள்வியே "ஒரிஜினலா, டூப்ளிகேட்டா தம்பி?"தான். ரெண்டுக்கும் விலை சொல்லுவார். கேரண்டி உண்டா இல்லையான்னு சொல்லுவார். டூப்ளிகேட்டுன்னு தெரிஞ்சு வாங்குறவன் ஏமாறலை, அவன் கணக்குப் போட்டு வாங்குறான்.

என்னை ஏமாத்தினது அந்தத் தெரு இல்லை. ஏசி ரூம்ல உக்காந்து, நாலரை ஸ்டார் பாத்து, ஆயிரக்கணக்கான ரிவ்யூ பாத்து, "100% ஒரிஜினல்"னு எழுதியிருந்த பக்கத்துல வாங்கினது. பெரிய சைட்டுங்க நிறைய சமயம் வெறும் சந்தைதான், வித்தவன் வேற எவனோ. 2016ல ஆப்பிள் கம்பெனி அமெரிக்க கோர்ட்டுல என்ன சொல்லிச்சு தெரியுமா? அமேசான்ல ஆப்பிள் பேர்ல இருந்த சார்ஜர், கேபிளை அவங்களே வாங்கிப் பாத்ததுல கிட்டத்தட்ட 90 சதவீதம் போலின்னு. இங்க 2025 மார்ச்ல பிஐஎஸ் அதிகாரிகள் திருவள்ளூர் மாவட்டத்துல பெரிய ஆன்லைன் கம்பெனிகளோட கிடங்குகளுக்கே போய், முத்திரை இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொருளை அள்ளினாங்க. பிளாஸ்க், பொம்மை, சீலிங் ஃபேன் எல்லாம் அதுல இருந்தது. முத்திரை இல்லாததெல்லாம் போலின்னு அர்த்தம் இல்லை, ஆனா கிடங்கு வாசல்ல எவ்வளவு சோதனை நடக்குதுன்னு நமக்குப் புரியுது. 2020 விதிப்படி விக்கிறவன் பேர், முகவரியை அந்த சைட் காட்டணும். நான் அதைப் படிக்கவே இல்லை, ஸ்டாரைத்தான் பாத்தேன்.

இன்னொண்ணு. "விலை கம்மியா கேட்டா இப்படித்தான்"னு புத்தி சொல்றவங்களைப் பாத்தா எனக்குக் கோபம் வருது. டப்பாவுக்குள்ள இருந்த சார்ஜரை "சுற்றுச்சூழலுக்காக" எடுத்துட்டு, தனியா ரெண்டாயிரம் ரூபாய்க்கு விக்கிறது யாரு? பத்தாயிரம் ரூபாய் போன் வெச்சிருக்கிற டெலிவரி தம்பி 150 ரூபாய் சார்ஜர் வாங்காம வேற என்ன பண்ணுவான்? அதனால என் நண்பர்களுக்கு நான் சொல்றது இதான். பேக் கவர், டெம்பர்டு கிளாஸ், ஸ்டாண்டு, சும்மா பாட்டு கேக்கிற ஒயர் இயர்போன் எல்லாம் தாம்பரம் சப்வேல தாராளமா வாங்குங்க, நானும் அங்கதான் வாங்குறேன். சுவத்துல சொருகுறது, உள்ள லித்தியம் இருக்கிறது, ஞாபகங்களைச் சேத்து வெக்கிறது - இந்த மூணுல மட்டும் காசு பாக்காதீங்க. பெரிய பிராண்டுதான் வேணும்னு இல்லை, ஆர் எண் சரியா இருக்கிற உள்ளூர் கம்பெனி சார்ஜர் பாதி விலைக்குக் கிடைக்குது. பில்லை வாங்கி போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. பில் இருந்தா 1915க்கு போன் பண்ணலாம். செங்கல்பட்டுல மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, அஞ்சு லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. நானும் போடப் போறேன். 1,899 ரூபாய்க்கு கேஸான்னு தங்கச்சி சிரிக்கிறா.

தாத்தா வீடியோ? ஒரு வழி இருக்கு. அம்மா பரண்ல ஏறித் தேடினதுல அந்த கேசட்டே கிடைச்சது. ஓரத்துல வெள்ளையா பூஞ்சை. ஸ்டுடியோக்காரர் மிஷினை வித்துட்டாராம். அதனால போன வெள்ளிக்கிழமை ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு பல்லாவரம் சந்தைக்குப் போனேன். பழைய டிரங்க் ரோட்டுல, உடைஞ்ச மிக்ஸிக்கும் டிரெட்மில்லுக்கும் நடுவுல ஒரு பெரியவர் விசிஆர் ஒண்ணு வெச்சிருந்தார். "ஓடுமா?"ன்னு கேட்டேன். "ஓடாது சார். பெல்ட் போயிருக்கு. மோட்டார் நல்லாருக்கு. கேரண்டியெல்லாம் கேக்காதீங்க"ன்னார். 1,200 சொன்னார், பேரம் பேசாம குடுத்தேன்.

பூஞ்சையோட ஓட்டினா டேப்பும் போயிடும், மிஷின் ஹெட்டும் போயிடும்னு படிச்சேன், அதனால முதல்ல கேசட்டைத் திறந்து சுத்தம் பண்ணத் தெரிஞ்ச ஆள் வேணும். நாளைக்கு பெல்ட் தேடி ரிச்சி ஸ்ட்ரீட் போறேன். ஒரிஜினலா டூப்ளிகேட்டான்னு கேட்டா, பொருந்துறது எதுவா இருந்தாலும் சரின்னு சொல்லிடுவேன்.